ரசீதின் பின்பக்கம் எழுதிய ‘1’

2022 தீபாவளியன்று சிங்கப்பூரின் ஈசூனில் அம்மா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, மளிகைக் கடை ரசீது ஒன்றின் பின்பக்கத்தில் என் தம்பிக்கு ‘1’ என்று எழுதிக் கொடுத்தேன். “உனக்குக் கவலையே இல்லை” என்றும் சொன்னேன். அவன் அந்தத் தாளை மடித்துப் பணப்பையில் வைத்துக்கொண்டான். அப்போது அவனுக்கு 45 வயது. மலத்தோடு ரத்தம் போகத் தொடங்கி நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த ஏப்ரலில் அவனுக்குப் பெருங்குடலின் கீழ்ப்பகுதியில் புற்றுநோய் என்று தெரிந்தது. மூன்றாம் கட்டம். அறுவை சிகிச்சையும் ஆறு மாத கீமோவும் முடிந்து இப்போது வேலைக்குப் போய்வருகிறான். அந்த ‘1’ பெருங்குடல் புற்றுநோய் ஆபத்துக்குப் போடும் ஒரு மதிப்பெண். அது எங்கிருந்து வந்தது, அதை நான் எந்த இடத்தில் தவறாகப் பயன்படுத்தினேன் என்பதை எழுதிவைக்க வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன். ஐம்பதைத் தொட்ட, உடம்பில் எந்தக் குறையும் தெரியாத எல்லோருக்கும் இது பயன்படும்.

நான் துவாஸில் ஒரு கப்பல் பழுதுபார்க்கும் தளத்தில் பாதுகாப்பு அதிகாரி. அபாயத்துக்கு எண் போடுவதே என் தொழில். ஒரு வேலையில் விபத்து நேர எவ்வளவு வாய்ப்பு, நேர்ந்தால் எவ்வளவு சேதம் என்று மதிப்பிட்டு, இரண்டையும் பெருக்கி, பெரிய எண் வந்த வேலைக்கு முதலில் ஆளையும் பணத்தையும் ஒதுக்குவோம். 2006 முதல் சிங்கப்பூரில் இது சட்டம். ஆகவே 2022 தொடக்கத்தில் ரத்த அழுத்த மாத்திரை வாங்கப் போன பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்), மருத்துவர் நான்கு கேள்விகள் கேட்டு ஒரு தாளில் எண்களைக் கூட்டியபோது, எனக்கு அது பழகிய மொழியாக இருந்தது.

அதன் பெயர் ஆசிய பசிபிக் பெருங்குடல் பரிசோதனை மதிப்பெண். சிங்கப்பூர் மருத்துவர் இயோ கே குவானும் பல ஆசிய நகரங்களைச் சேர்ந்த மருத்துவர்களும் சேர்ந்து உருவாக்கி, 2011இல் வெளியிட்டது. வயது ஐம்பதுக்குக் கீழ் என்றால் பூஜ்யம், 50 முதல் 69 வரை இரண்டு, 70இலிருந்து மூன்று. ஆண் என்றால் ஒன்று. இப்போது புகைத்தாலும், முன்பு புகைத்து விட்டிருந்தாலும் ஒன்று. பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளில் யாருக்காவது பெருங்குடல் புற்றுநோய் வந்திருந்தால் இரண்டு. மொத்தம் ஏழு. பூஜ்யமும் ஒன்றும் குறைந்த வரிசை, இரண்டும் மூன்றும் நடு வரிசை, நான்கிலிருந்து மேல் வரிசை. ரத்தப் பரிசோதனை வேண்டாம், செலவு இல்லை, ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும்.

எனக்கு 52 வயது: இரண்டு. ஆண்: ஒன்று. சிகரெட்டை விட்டுப் பதினோரு ஆண்டுகள் ஆகியும் அது ஒன்று. குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்று கேட்டார். யோசிக்காமல் “இல்லை” என்றேன். மொத்தம் நான்கு.

எனக்குத் திகைப்பாக இருந்தது. சர்க்கரை நோய் இல்லை, வயிற்றில் தொல்லை இல்லை. இந்த நோய் சீனர்களுக்குத்தான் அதிகம் வரும் என்று நம் வீடுகளில் ஒரு பேச்சு உண்டு. சீனர்களிடையே வீதம் கூடுதல் என்பது உண்மைதான். ஆனால் நம்மவர்களுக்கு அது வராது என்பதற்கு அதில் இடமே இல்லை. மருத்துவர் அமைதியாக விளக்கினார். மதிப்பெண் நான்குக்குக் கீழே இருந்தால் வீட்டிலேயே செய்யும் மலப் பரிசோதனையில் தொடங்கச் சொல்வாராம். நான்கு என்பதால் நேராகக் கொலோனோஸ்கோபி, அதாவது குடலுக்குள் கேமரா பொருத்திய குழாயை விட்டுப் பார்க்கும் சோதனை, செய்துகொள்வது நல்லது என்றார்.

எல்லோருக்கும் கொலோனோஸ்கோபி செய்துவிட்டால் என்ன என்று அப்போது கேட்டேன். அவர் சொன்ன பதில் எனக்கு நியாயமாகப் பட்டது. அந்தக் குழாய்ச் சோதனையிலும் சிறிதளவு ஆபத்து உண்டு. பாலிப்பை, அதாவது குடல் சுவரில் முளைக்கும் சிறு சதை வளர்ச்சியை, வெட்டிய இடத்தில் ரத்தம் கசியலாம். மிக அரிதாகக் குடல் சுவரில் துளை விழலாம். செய்யும் மருத்துவர்களும் கருவிகளும் எண்ணி இருக்கின்றன. தேவை குறைந்தவர்கள் வரிசையை நிரப்பினால், தேவை அதிகமுள்ளவர் மாதக்கணக்கில் காத்திருக்க நேரும். யாரை முதலில், எந்தச் சோதனைக்கு அனுப்புவது என்று முடிவுசெய்யத்தான் மதிப்பெண்.

கொலோனோஸ்கோபியைப் பற்றிப் பயப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: சோதனை ஒன்றுமே இல்லை, அதற்கு முந்தைய நாள்தான் கடினம். மூன்று நாள் முன்பே நார்ச்சத்தைக் குறைக்க வேண்டும். நம் சாப்பாட்டில் இது எளிதல்ல. முருங்கைக்காய், கீரை, வெண்டைக்காய், கொண்டைக்கடலை, கொய்யா, விதையுள்ள எந்தப் பழமும் கூடாது. வெள்ளைச் சோறு, இட்லி, அவித்த மீன், முட்டை, வடிகட்டிய ரசம் போதும். தாளிப்பில் கடுகுகூட வேண்டாம் என்று என் மனைவி அதையும் நிறுத்திவிட்டாள். கடைசி நாளில் தெளிந்த நீராகாரம் மட்டும். பாலும் மைலோவும் ஆகாது. சிவப்பு நிற பானம் எதையும் தொடக்கூடாது, குடலுக்குள் அது ரத்தம்போலத் தெரியும். ரோஸ் சிரப்பும் பாலும் கலந்த பண்டங் பானத்தின் பிரியர்கள் கவனிக்க வேண்டும். பேதி மருந்தில் பாதியை முதல் நாள் மாலையும் மீதியைச் சோதனை நாள் விடியற்காலையும் குடிக்கச் சொல்வார்கள். விடியற்காலைப் பங்கைச் சோம்பலில் விட்டுவிடாதீர்கள். குடல் சுத்தமாக இல்லாவிட்டால் சின்ன பாலிப்புகள் கண்ணில் படாமல் போகும். எல்லாவற்றையும் மறுபடி செய்யவும் நேரலாம். ஃப்ரிட்ஜில் குளிரவைத்து, உறிஞ்சுகுழலால் மடமடவென்று குடித்தால் அதன் சுவை அவ்வளவாகத் தெரியாது. கழிவறைக்கு வாஸ்லின் எடுத்துப் போங்கள். ரத்தத்தை இளக்கும் மருந்து, சர்க்கரை மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை எடுப்பவர்கள் எதை எப்போது நிறுத்துவது என்று முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்; தாமாக நிறுத்தக் கூடாது.

சோதனையன்று மயக்க ஊசி போட்டார்கள். கண் விழித்தபோது எல்லாம் முடிந்திருந்தது. 14 மில்லிமீட்டர் பாலிப் ஒன்றை எடுத்திருந்தார்கள். பத்து மில்லிமீட்டரைத் தாண்டினாலே அதைக் கூடுதல் கவனத்துக்குரியது என்று வகைப்படுத்துவார்களாம். அப்படியே விட்டிருந்தால் அது புற்றாகியிருக்கும் என்று யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. பெரும்பாலான பாலிப்புகள் ஆவதில்லை. ஆகிறவை சாதாரணமாகப் பத்து ஆண்டுகள்போல எடுத்துக்கொள்கின்றன. எது ஆகும் எது ஆகாது என்று பார்த்துச் சொல்ல முடியாததால் கண்ணில் படுவதை எடுத்துவிடுகிறார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து மறுபடி வரச் சொன்னார்கள்.

அந்த நன்றியும் வேகமும் சேர்ந்துதான் தீபாவளியன்று என்னை அந்த ரசீதை எடுக்க வைத்தன. பலகாரத் தட்டுக்கு நடுவே எல்லோருக்கும் கணக்குப் போட்டேன். 50 வயதான மனைவிக்கு இரண்டு. 56 வயதான அக்காவுக்கு இரண்டு. 76 வயதான அம்மாவுக்கு வயதை வைத்தே மூன்று. தம்பிக்கு வயது பூஜ்யம், ஆண் என்பதால் ஒன்று, சிகரெட் தொட்டதே இல்லை. என் பாலிப் புற்றுநோய் இல்லை என்பதால் குடும்பக் கேள்விக்கு மறுபடியும் “இல்லை”. ஒன்று.

2023 மார்ச்சில் அவன் மனைவி என் மனைவியை அழைத்து, அவர் மெலிந்துகொண்டே போகிறார், படியேறினால் மூச்சு வாங்குகிறார் என்று அழுதாள். ரத்தச் சோதனையில் ஹீமோகுளோபின் எட்டுக்கு வந்திருந்தது. அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தன. அறுவை சிகிச்சைக்கு முந்தைய இரவு அவன் படுக்கைக்கு அருகில் உட்கார்ந்திருந்தேன். ஏனடா சொல்லவில்லை என்று கேட்டேன்.

“நீங்கள்தானே அண்ணே ஒன்று என்று எழுதிக் கொடுத்தீர்கள். அப்படியானால் மூலமாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.”

அவன் குறை சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னான். எனக்குத்தான் அந்த இரவு விடியவில்லை.

என் தொழிலில் நான் ஒருபோதும் செய்யாத தவறு அது. ஒரு வேலைக்கு அபாய எண் குறைவாக இருக்கிறது என்பதற்காகத் தலைக்கவசத்தைக் கழற்றச் சொல்ல மாட்டேன். கப்பலின் கிடங்கிலிருந்து புகை வருகிறது என்று ஒருவன் ஓடிவந்தால், அந்த அறைக்கு என்ன எண் போட்டிருக்கிறோம் என்று கோப்பைத் திறந்து பார்க்க மாட்டேன், மணியைத்தான் அடிப்பேன். இந்த மதிப்பெண் அறிகுறி எதுவும் இல்லாதவர்களைப் பார்த்து உருவாக்கப்பட்டது. மலத்தில் ரத்தம், பல வாரங்களாக மாறிப்போன மலப் பழக்கம், காரணமில்லாத எடைக் குறைவு, ரத்தசோகை இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்தத் தாளுக்கு அங்கே வேலையில்லை. நேரே மருத்துவரிடம் போக வேண்டும், வயது என்னவாக இருந்தாலும். இதை நான் தம்பியிடம் முதலில் கேட்டிருக்க வேண்டும். எண்ணைக் கூட்டுவதற்கு முன்பு, ‘ரத்தம் ஏதாவது போகிறதா’ என்ற ஒரு கேள்வி. முறுக்குத் தட்டுக்கு முன்னால் அதை எப்படிக் கேட்பது என்று கூச்சப்பட்டேனா, அல்லது எனக்குத் தோன்றவே இல்லையா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.

பிறகு அந்த ஆய்வில் வந்த எண்களைத் தேடிப் படித்தேன். சரிபார்க்கும் கட்டத்தில் குறைந்த வரிசையில் இருந்தவர்களில் 1.3 சதவீதம் பேருக்கும், நடு வரிசையில் 3.2 சதவீதம் பேருக்கும், மேல் வரிசையில் 5.2 சதவீதம் பேருக்கும் புற்றுநோயோ, ஆபத்தான பாலிப்போ இருந்திருக்கிறது. என் வரிசை தம்பியின் வரிசையைவிட நான்கு மடங்கு ஆபத்தானது. அதை வைத்து என்னை முதலில் அனுப்பியது சரி. ஆனால் அதே எண்களை வேறு விதமாகவும் எழுதலாம். மேல் வரிசையில் ஆயிரம் பேர் இருந்தால் 948 பேருக்கு அப்படி ஒன்றும் இருக்காது. குறைந்த வரிசையில் ஆயிரம் பேர் இருந்தால் 13 பேருக்கு இருக்கும். அந்தப் பதின்மூன்று பேரின் முகத்தில் எந்த அடையாளமும் எழுதியிருக்காது. இப்படிப்பட்ட கணக்குகள், நோய் உள்ள ஒருவரையும் இல்லாத ஒருவரையும் அருகருகே நிறுத்தினால், யாருக்கு ஆபத்து கூடுதல் என்பதைப் பத்தில் ஆறேழு முறை சரியாகச் சொல்லும். கூட்டத்தை வரிசைப்படுத்த அது போதும். ஒரு தனி மனிதனைப் பார்த்து உனக்குக் கவலை இல்லை என்று சொல்ல அது போதவே போதாது.

இன்னொன்றும் அதில் உண்டு. ஐம்பதுக்குக் கீழே எல்லோருக்கும் பூஜ்யம் என்பது பழைய தரவுகளிலிருந்து வந்தது. பல நாடுகளில் இளையவர்களிடையே இந்த நோய் கூடிவருகிறது. அமெரிக்காவில் 2021 முதல் 45 வயதிலேயே பரிசோதனையைத் தொடங்கச் சொல்கிறார்கள். நான் அந்த ரசீதில் எழுதிய 2022இல் சிங்கப்பூரில் தொடக்க வயது ஐம்பதாக இருந்தது.

எல்லாவற்றையும்விட என்னை உலுக்கியது அம்மா சொன்னது. தம்பிக்குக் கட்டியை எடுத்த பிறகு, இளம் வயது என்பதால் மரபுவழிக் கோளாறு ஏதும் உண்டா என்று கட்டித் திசுவைச் சோதித்தார்கள். லிஞ்ச் எனப்படும் குறைபாடு இல்லை என்று வந்தது. அப்போது குடும்பத்தில் யார் யாருக்கு என்ன நோய் என்று விரிவாகக் கேட்டார்கள். அப்பா 1991இல் இறந்தார். கடைசி ஒரு வருடம் மன்னார்குடிப் பக்கம் ஊருக்குப் போய் இருந்துவிட்டார். ‘வயிற்றில் கட்டி’ என்றுதான் எங்களுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். நானும் எத்தனையோ படிவங்களில் ‘இல்லை’ என்று எழுதியிருக்கிறேன். அம்மாவிடம் உட்கார்ந்து கேட்டேன். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “ஒரு வருஷமாக அவருக்கு ரத்தமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பிள்ளைகளிடம் சொல்லாதே என்று சத்தியம் வாங்கிக்கொண்டார்” என்றார்.

அது இந்தப் புற்றுநோய்தானா என்று இனி யாராலும் உறுதிசெய்ய முடியாது. ஆனால் நான் சொன்ன ‘இல்லை’ பொய்யாக இருந்திருக்கலாம். ‘ஆம்’ என்றிருந்தால் தம்பியின் எண் அன்றைக்கே மூன்று. முப்பது ஆண்டுக்கு முன்பு அப்பா மறைத்ததையே என் தம்பியும் மறைத்திருக்கிறான், அதே கூச்சத்தால். எவ்வளவு நுட்பமான கணக்கானாலும், வீட்டில் வாய் திறக்காத ஒன்றை அது எங்கிருந்து எடுத்துக் கூட்டும்?

ஆகவே ‘குடும்பத்தில் உண்டா’ என்ற கேள்விக்கு உடனே பதில் சொல்லாதீர்கள். வீட்டில் மூத்தவர்களிடம் தனியாக உட்கார்ந்து கேளுங்கள். எந்த உறுப்பு, எந்த வயதில், ரத்தம் போனதா, அறுவை செய்தார்களா, மலம் வெளியேற வயிற்றில் பை வைத்திருந்தார்களா என்று விவரமாகக் கேட்டால்தான் நினைவு வரும். ‘குடல் புண்’, ‘வயிற்றுக் கட்டி’, ‘ரத்த மூலம்’ என்ற பெயர்களுக்குப் பின்னால் என்ன இருந்தது என்று பாருங்கள். தெரியாவிட்டால் ‘தெரியாது’ என்றே சொல்லுங்கள். ‘இல்லை’ என்பதும் ‘தெரியாது’ என்பதும் மருத்துவருக்கு ஒன்றல்ல.

எங்கள் தளத்தில் அபாய மதிப்பீட்டை மூன்று ஆண்டுக்கு ஒரு முறையாவது மறுபடி பார்க்க வேண்டும். விபத்து நடந்தால் உடனே பார்க்க வேண்டும். குடும்பத்திலும் அதையே செய்தோம். என் நான்கு ஆறாயிற்று. அக்காவின் இரண்டு நான்காயிற்று. உண்மையில் அக்காவுக்கு அந்தக் கணக்கே தேவைப்படவில்லை. உடன்பிறந்தவருக்கு அறுபதுக்கு முன்பே வந்துவிட்டால் சாதாரண ஆபத்து என்ற வகையிலிருந்தே வெளியேறிவிடுகிறோம். மலப் பரிசோதனையோடு நிற்காமல் கொலோனோஸ்கோபிதான், அதுவும் ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை. அக்கா இரண்டு மாதம் பிடிகொடுக்கவில்லை. பிறகு போனார், இரண்டு சின்ன பாலிப்புகளை எடுத்தார்கள். தம்பிக்கு இரண்டு பிள்ளைகள். நாற்பது வயது, அல்லது குடும்பத்தில் மிக இளையவருக்கு நோய் கண்ட வயதுக்குப் பத்து ஆண்டு முன்பு, இரண்டில் எது முந்தியதோ அப்போது அவர்கள் தொடங்க வேண்டும். அவனுக்கு 46இல் தெரிந்தது, ஆகவே 36. அவர்கள் ஜாதகம் இருக்கும் அதே உறையில் ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். அம்மாவை நாங்கள் தொந்தரவு செய்யவில்லை. அந்த வயதில் சோதனையால் வரும் நன்மையைவிடச் சிரமம் மிஞ்சலாம் என்று மருத்துவர் சொன்னதை ஏற்றுக்கொண்டோம்.

மனைவிக்கு எங்கள் ரத்த உறவில் வந்தது எதுவும் சேராது. அவள் எண் இரண்டு. ஐம்பதைத் தாண்டிய குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் சிங்கப்பூர்ப் புற்றுநோய்ச் சங்கம் மலப் பரிசோதனைப் பெட்டியை இலவசமாகத் தருகிறது. அவள் பெட்டி எட்டு மாதம் அலமாரியில் கிடந்தது. எடுக்காததற்குக் காரணம் அருவருப்பு, வேறொன்றுமில்லை. உள்ளே ஒரு தாள் இருக்கும். அதைக் கழிவறைக் கிண்ணத்தில் விரித்து, மலம் தண்ணீரில் படாமல் பார்த்துக்கொண்டு, குச்சியால் பல இடங்களில் லேசாகச் சுரண்டி, குழாயில் செருகி மூட வேண்டும். இரண்டு வெவ்வேறு நாட்களில் இரண்டு மாதிரி. சாப்பாட்டுக் கட்டுப்பாடு கிடையாது. மாதவிடாய் நாட்களில் எடுக்கக் கூடாது. எடுத்தால் தள்ளிப்போடாமல் அஞ்சலில் சேர்த்துவிட வேண்டும். நம் ஊர் வெக்கையில் நாளாக ஆக ரத்தத்தின் தடயம் சிதைந்துவிடும். மொத்தம் ஐந்து நிமிட வேலை.

ஒரு முறை எடுத்து ‘ஒன்றும் இல்லை’ என்று வந்தால் அதோடு விட்டுவிடக் கூடாது. இந்தச் சோதனை ஒரு தடவையில் புற்றுநோயை ஏறத்தாழ ஐந்தில் நான்கு முறை பிடிக்கும். ஆபத்தான பாலிப்புகளில் பாதியைக்கூடப் பிடிக்காது, அவை எப்போதும் கசிந்துகொண்டிருப்பதில்லை. அதனால்தான் ஆண்டுதோறும் எடுக்கச் சொல்கிறார்கள். இரண்டு குழாயில் ஒன்றில் ரத்தம் தெரிந்தாலும் கொலோனோஸ்கோபிக்குப் போக வேண்டும். இன்னொரு முறை மலத்தைச் சோதித்து ‘இல்லை’ என்று வரட்டுமே என்று ஆறுதல் தேடக் கூடாது. மனைவி இப்போது தன் பிறந்தநாள் வாரத்தில் எடுத்துவிடுகிறாள்.

2025இல் என் மூன்றாண்டு முடிந்து மறுபடி சோதனைக்குப் போனேன். மயக்க ஊசி போடுவதால் வீட்டுக்கு அழைத்துப் போக ஒருவர் கூட வர வேண்டும். தம்பி விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தான், கையில் கஞ்சி நிரப்பிய ஃப்ளாஸ்க்கோடு. பதிவு முகப்பில் தாதி படிவத்தை வைத்துக்கொண்டு, குடும்பத்தில் யாருக்காவது பெருங்குடல் புற்றுநோய் உண்டா என்று கேட்டார். பின்னால் வரிசையில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். நான் வாய் திறப்பதற்குள் அவன் முன்னால் வந்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்: “எனக்கு. நான் இவருடைய தம்பி. 46 வயதில். அப்பாவுக்கும் இருந்திருக்கலாம், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.”